கருந்தொண்டையும் வெண்தொண்டையும்

"இன்னொரு தடவை கூவு மச்சான். கடைசியில கொஞ்சம் இழுத்துட்ட" என்று கிசோம்பே கைபேசிக்குள் கெஞ்சினார்.

சமையலறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த வாளிதான். பக்கத்தில் அடுப்பில் உகாலி என்ற சோளமாவுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்த மனைவி வவூடா, "தள்ளி நில்லுங்க, சட்டியில விழுந்து தொலைக்கப் போறீங்க" என்று மரத்துடுப்பால் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கைபேசியிலிருந்து சத்தம் வந்தது. "ட்சிரிக்! ட்சிரிக்! ட்சிரிக்!"

கிசோம்பேக்குப் புல்லரித்தது. "அச்சு அசல் அதேதான்டா!"

"அந்தக் குருவிக்கே இதுக்கு மேல வராது மாமா" என்றான் நியாம்பு. வவூடாவின் தம்பி. வோய் ஊரிலிருந்து மலைக்கு வரும் மினிவேனில் நடத்துநர். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், மறுநாள் அதே குரலில் வந்து வாசலில் கூப்பிடுவான். போதகரின் குரலில் கூப்பிட்டுக் கடைக்காரரிடமிருந்து ஒரு முழுக் கோழியை வாங்கித் தின்றவன்.

"கடைசி டிரிப்ல வந்துடுவேன். ஸ்டாப் பக்கத்துல நண்பன் கடையில படுத்துட்டு, நாலரைக்கெல்லாம் நேரா புதருக்குப் போயிடறேன். வீட்டுக்கு வரமாட்டேன். என்னைத் தேடாதீங்க, கூப்பிடாதீங்க."

"மூணே தடவைதான் கூவணும். அதுக்கு மேல வேணாம். புரியுதா?"

"புரியுது. பதிலுக்கு அந்தச் சிவப்புச் சேவல்..."

அதற்குள் கைபேசியில் சார்ஜ் தீர்ந்து, அது உயிரை விட்டது. மலையில் இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. கிசோம்பே வாளியிலிருந்து இறங்கினார்.

விஷயம் இதுதான். கிசோம்பே காட்டுக் காவலர். தைத்தா மலையில், ஊருக்கு நேர் மேலே முகட்டில் தொப்பி வைத்ததுபோல ஒரு துண்டுக் காடு இருக்கிறது. ஊரே குடிக்கிற ஊற்று அந்தக் காட்டில்தான் பிறக்கிறது. மாதம் ஒருமுறை காட்டுக்குள் போய்ப் பார்த்து, அலுவலகப் படிவம் ஒன்றை அவர் நிரப்பி அனுப்ப வேண்டும். படிவத்தில் இரண்டு பத்திகள். இடது பக்கம் கருந்தொண்டைக் குருவி, வலது பக்கம் வெண்தொண்டைக் குரங்கு. வகுப்பு, வரிசை, குடும்பம், நிலை எல்லாம் முன்பே அச்சடித்திருக்கும். நிலை என்ற இடத்தில் குருவிக்கு 'அழிவின் விளிம்பில்' என்றும் குரங்குக்கு 'கவலை இல்லை' என்றும் போட்டிருப்பார்கள். கடைசி வரியில், 'இந்த மாதம் பார்த்தது அல்லது கேட்டது' என்பதை மட்டும் கிசோம்பே எழுத வேண்டும்.

குரங்குப் பத்தியை அவர் கொண்டாடி எழுதுவார். 'நாற்பத்திரண்டு. அதில் ஒன்று என் மனைவியின் உகாலிச் சட்டியைத் தூக்கிச் சென்றது. இன்னும் திருப்பித் தரவில்லை.' இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போவார்.

குருவிப் பத்தியில்தான் சிக்கல். இரண்டு வருடங்களாக ஒரு குருவியையும் அவர் பார்க்கவில்லை, கேட்கவில்லை. முதல் மாதம் வெறும் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பற்றி யாராவது விசாரித்தால் 'பரவாயில்லை, தேவலை' என்று சொல்வோமே, அந்த மாதிரி 'ஒன்று, கேட்டது' என்று எழுதிவிட்டார். அடுத்த மாதமும் அதையே எழுத வேண்டியதாகிவிட்டது. அதற்கடுத்த மாதமும்.

போன வாரம் நைரோபியிலிருந்து கடிதம் வந்தது. டாக்டர் நெகேசா, இந்தக் குருவியைப் பதினைந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிற அம்மாள், நேரில் வருகிறாராம். உலகத்தில் மிச்சமிருப்பதே நூற்றைம்பதுக்குள்தான் என்பதால் காது குளிரக் கேட்டுவிட்டுப் போகவேண்டுமாம். குருவி இருந்தால் காடு காப்புப் பட்டியலில் நீடிக்கும். இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு யூகலிப்டஸ் நடுவார்கள். யூகலிப்டஸ் வந்தால் ஊற்றைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"பொய் எழுதினது நீங்க. பனியில விறைக்கப் போறது என் தம்பி" என்றாள் வவூடா.

"ஊருக்காகத்தானே?"

"அப்ப ஊருக்காகக் காலையில சோளத்துக்கு யாரு காவல் இருக்கறது? தினம் அஞ்சு மணியிலேருந்து ஒன்பது வரைக்கும் நீங்கதானே தகரம் தட்டுவீங்க? அதுக்கப்புறம்தானே காட்டுப் பக்கமே போவீங்க?"

"நாளைக்கு ஒருநாள் நீ தட்டு."

"தட்டறேன். யார் மண்டையிலன்னு மட்டும் கேக்காதீங்க."

மறுநாள் விடியும் முன்பே டாக்டர் நெகேசா வந்துவிட்டார். குட்டையான உருவம், அதற்குப் பொருந்தாத பெரிய பூட்ஸ், கழுத்தில் தொலைநோக்கி. தோளில் தொங்கிய ஒலிப்பதிவுப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, கிசோம்பேயைவிட வேகமாக மலை ஏறினார்.

"கிசோம்பே, ரெண்டு வருஷமா மாசா மாசம் 'ஒன்று, கேட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. ஒரு மாசம்கூட ரெண்டு இல்லையா?"

"அது கொஞ்சம் தனிமை விரும்பிங்க."

"ஒரு மாசம்கூட பார்க்கலையா?"

"கூச்ச சுபாவமும் உண்டு."

டாக்டர் நின்று அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிசோம்பே ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ்.

காட்டின் நடுவே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அதன் பின்னால் பெரணியும் கொடியுமாகப் பின்னிக் கிடந்த புதர்தான் நியாம்புவுக்கு ஒதுக்கிய இடம். இருபது அடி தள்ளி இருவரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் பெட்டியை ஒரு முக்காலியில் பொருத்தி ஓடவிட்டார். "பொழுது விடியற நேரத்துலதான் இது நல்லாப் பாடும்" என்றார் மெதுவாக. பனி சொட்டியது. ஒரு சத்தமும் இல்லை. ஆறு மணி ஆயிற்று. ஆறு ஐந்து. 'தூங்கிட்டானா படுபாவி?' என்று கிசோம்பே பல்லைக் கடித்தார்.

"ட்சிரிக்! ட்சிரிக்! ட்சிரிக்!"

டாக்டர் அவர் கையை இறுகப் பிடித்தார். கிசோம்பே ஓரக்கண்ணால் பார்த்தபோது அந்த அம்மாளின் கண்ணில் நீர் கோத்திருந்தது.

'மச்சான், நீ மனுஷனே இல்லடா' என்று கிசோம்பே மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

இரண்டாவது தடவை கூவியது. மூன்றாவது தடவையும் ஆயிற்று. கிசோம்பே நிம்மதியாக எழுந்து பேண்ட்டைத் தட்டினார். "சரி டாக்டரம்மா, கேட்டாச்சு. வீட்டுல சூடா டீயும் மந்தாசிப் பணியாரமும்..."

"ட்சிரிக்! ட்சிரிக்! ட்சிரிக்! ட்சிரிக்!"

நான்கு, ஐந்து, பத்து என்று போய்க்கொண்டே இருந்தது. நியாம்புவுக்குப் பாராட்டு என்றால் எப்போதும் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும். இங்கே யாரும் பாராட்டாமலேயே அவனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது போலும்.

"இவ்வளவு பக்கத்துல!" டாக்டர் எழுந்தார். "ஒரு பத்தடி போனா பார்த்துடலாம்."

கிசோம்பே தாவி அவர் முன்னால் போய் நின்றார். பத்தடி போனால் தெரியப் போவது ஐந்தே முக்கால் அடி உயர நியாம்பு.

"டாக்டரம்மா! நில்லுங்க! அது குருவி இல்ல!"

"என்னது?"

வாய்க்கு வந்தது அந்த ஒரே வார்த்தைதான். "குரங்கு."

"குரங்கா?"

"இங்கத்துக் குரங்குங்க ரொம்பக் கெட்டிக்காரத்தனம். கேக்கறதையெல்லாம் அப்படியே திருப்பிக் கத்தும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வகுப்பெடுக்கும் குரலில் கிசுகிசுத்தார். "கிசோம்பே, மாசா மாசம் உங்க கையால அனுப்பற படிவம்தானே? குருவி பறவை வகுப்பு. குரங்கு பாலூட்டி வகுப்பு. இது குருவிங்களோட வரிசை, கதிர்க்குருவிக் குடும்பம். அது முதனிகள் வரிசை. நீங்களும் நானும் இருக்கோமே, அதே வரிசை. இதுக்குத் தொண்டை கறுப்பு, அதுக்கு வெள்ளை. பத்து கிராம் எடை இது, பத்து கிலோ அது. இன்னும் என்ன வித்தியாசம் வேணும்?"

"நாம இருக்கற அதே வரிசைன்னு நீங்களே சொல்றீங்க. அந்த வரிசையில யாரோ ஒருத்தன் புதர்ல உட்கார்ந்து கூவ முடியாதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"குரங்குக்கு அந்தத் தொண்டை கிடையாது. அதோட, குருவி அழிவின் விளிம்புல நிக்குது. குரங்கு 'கவலை இல்லை'. என் காது எதுக்காக ஏங்கும்னு உங்களுக்கே தெரியும்."

கிசோம்பேக்கு, இருந்த பயத்தையும் மீறி ரோஷம் வந்துவிட்டது. "அந்தக் 'கவலை இல்லை'ங்கறதை யாருங்க எழுதினது? அவர் சோளம் போட்டிருக்காரா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்க வயலுக்கு வந்து நின்னுட்டு அப்புறம் எழுதச் சொல்லுங்க!"

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் புதருக்குள்ளிருந்து ஒரு வாழைப்பழத் தோல் பறந்து வந்து டாக்டரின் பூட்ஸ் மேல் விழுந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"பார்த்தீங்களா! குருவி வாழைப்பழம் உரிக்குமா?" என்றார் கிசோம்பே வெற்றிக் களிப்போடு. மனசுக்குள்ளே கொதித்தது. நட்டநடு வேலையில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுகிறானே! இன்னொரு தோல் வந்து விழுந்தது. பாட்டும் நிற்கவில்லை, பழமும் நிற்கவில்லை. வாயில் பழத்தை வைத்துக்கொண்டே எப்படிக் கூவுகிறான் என்றுதான் கிசோம்பேக்கு விளங்கவில்லை.

"ரெண்டும் ஒரே புதர்லயா? அப்ப நான் கட்டாயம் பார்க்கணும்" என்று டாக்டர் ஓரடி எடுத்து வைத்தார்.

இனி ஒரே வழிதான். டாக்டர் நெகேசா மேற்கு மாகாணத்துக்காரர், தைத்தா பாஷை தெரியாது. கிசோம்பே தொண்டையைச் செருமி, கோயில் பாட்டு மெட்டில், தாய்மொழியில், மலை அதிரப் பாட ஆரம்பித்தார்.

"நியாம்புவே, நியாம்புவே, போதுமே போதுமே! வாயை மூடு, வாயை மூடு, டாக்டர் அம்மா வருகிறாள்! ஓடிப்போ, ஓடிப்போ, இல்லையேல் உன் எலும்பையே நொறுக்குவேன், நொறுக்குவேன்!"

"கிசோம்பே! என்ன இது?"

"ஆறரைக்கு ஜெபம் பண்றதா வேண்டுதல். நேரம் தவறினா குத்தம்."

பாட்டுக்குப் பலன் இருந்தது. புதரில் கூவல் இரண்டு மடங்கு வேகமாயிற்று. அதோடு இடது பக்கமிருந்து இன்னொரு குரல் கிளம்பியது. இங்கே "ட்சிரிக்" என்றால் அங்கே "ட்சீப்" என்று பதில் வந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டு, தையல் இயந்திரம் ஓடுவது போல ஓடின.

"ஜோடி!" டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். "கடவுளே, ஜோடி! ரெண்டும் சேர்ந்து பாடுது!"

கிசோம்பே தலையில் கை வைத்துக்கொண்டார். டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்! இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் வேனில் வந்த அத்தனை பயணிகளும் கூவுவார்கள்.

ஆத்திரத்தில் ஒரு மண்ணாங்கட்டியைப் பெயர்த்துப் புதருக்குள் வீசினார்.

"க்யாவ்!" என்றொரு அலறல். புதர் பிளந்தது. சாம்பல் நிற உடம்பும் வெள்ளைத் தொண்டையுமாக ஒரு கிழட்டு ஆண் குரங்கு, பாதி வாழைப்பழத்தோடு பாய்ந்து வந்தது. ஊரில் அதன் பெயர் சேர்மன். எடுத்ததைத் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லாததால் வந்த பெயர். பழத்தை வாய்க்குள் அடைத்துக்கொண்டு ஒலிப்பதிவுப் பெட்டியை முக்காலியிலிருந்து பிடுங்கி, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மரம் மரமாகக் கீழ்நோக்கிப் போயிற்று.

"என் பதிவு!" என்று டாக்டர் அலறிக்கொண்டு சரிவில் ஓடினார்.

கிசோம்பேக்கு முதலில் தோன்றியது, சொன்னால் வெட்கம், அப்பாடா என்பதுதான். பொய்க்கு இருந்த ஒரே சாட்சியும் மரமேறிப் போயிற்று. அப்புறம் டாக்டரைப் பார்த்தார். தொப்பி ஒரு பக்கம் போயிற்று. கிளையில் சட்டை கிழிந்தது. விழுந்து எழுந்து, முட்டியில் சேற்றோடு, "என் ஜோடி! என் ஜோடி!" என்று அந்த அம்மாள் ஓடிக்கொண்டிருந்தார். கிசோம்பேயின் அப்பாடா பாதியிலேயே தொண்டையில் மாட்டிக்கொண்டது. அவரும் ஓடினார்.

அந்த நேரத்தில் சேர்மன் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். வழக்கமாகப் போகிற இடத்துக்குத்தான் போயிருந்தது. வவூடாவின் சோள வயல் வேலிக் கம்பத்தின் மேல், மடியில் பெட்டியோடு, அது ஏதோ கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது போல உட்கார்ந்திருந்தது. எதிரே வவூடா, கையில் தகரமும் தடியுமாக நின்றாள்.

"யாரும் கிட்ட வராதீங்க" என்றாள் அவள். "நேத்து சாயங்காலம் என் வாழைத்தாரு. இன்னிக்கு இது. என்னங்க இது, ரேடியோவா?"

"அது என் உயிர்" என்றார் டாக்டர் மூச்சிரைக்க.

வவூடா தகரத்தைக் கீழே வைத்தாள். நிதானமாகப் போய், வயலிலேயே நல்ல கதிராகப் பார்த்து ஒன்றை ஒடித்தாள். பால் பிடித்த இளங்கதிர். மடலை உரித்து வேலியோரம் நீட்டினாள். சேர்மன் கதிரைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது. அதற்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. பெட்டியைப் புல்லில் நழுவவிட்டுக் கதிரைப் பறித்துக்கொண்டது. அடுத்த நொடி வவூடா தகரத்தில் விட்ட அடியில் சேர்மன் மூன்று வேலி தாண்டிவிட்டது.

"இந்தாங்க டாக்டரம்மா. ஒரு முழுக் கதிர் போச்சு. அந்தக் 'கவலை இல்லை' பத்தியில எழுதிக்குங்க."

டாக்டர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெட்டியின் பொத்தானை அழுத்தினார். "ட்சிரிக்! ட்சிரிக்!" என்று சத்தமாகக் கேட்டது. பதிவு பத்திரம். தொடர்ந்து கிசோம்பேயின் பாட்டும் கணீரென்று வந்தது.

"நல்ல மெட்டு" என்றார் டாக்டர். இப்போது உலகத்தில் எல்லாமே அவருக்கு நல்லதாக இருந்தது. "என்ன அர்த்தம் இதுக்கு?"

பெட்டி, 'உன் எலும்பையே நொறுக்குவேன்' என்ற அடியில் இருந்தது. வவூடா கணவனை ஒரு பார்வை பார்த்தாள். முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

"பழைய ஏற்பாடுங்க" என்றாள்.

டாக்டர் புல்லிலேயே உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். குருவிப் பத்தியில் 'இரண்டு. ஜோடி' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். "வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறேன். வெளிநாட்டுக்கும் அனுப்பணும். இந்த மலையில ஜோடிப் பாட்டுப் பதிவாகறது எத்தனை அபூர்வம் தெரியுமா? கிசோம்பே, உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்ததாலதான். இந்த ஜோடிக்கு உங்க பேரையே வைக்கப் போறேன்."

கிசோம்பே நின்ற இடத்திலேயே கால் மாற்றி நின்றார். வெளிநாட்டு மண்டபம் ஒன்றில் கோட்டு போட்ட பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நியாம்புவைக் கேட்பது அவர் கண்முன் வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். டாக்டரின் முட்டியில் காய்ந்திருந்த சேற்றைத்தான் தாங்க முடியவில்லை.

"டாக்டரம்மா, அது குருவி இல்ல."

"மறுபடியும் குரங்கா?" என்று சிரித்தார் டாக்டர்.

"இல்லீங்க. என் மச்சான்."

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது.

கிசோம்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாளி, கைபேசி, மூன்று தடவை ஒப்பந்தம், வெறும் கட்டத்தைப் பார்க்கச் சகிக்காமல் எழுதிய முதல் பொய், அதன் பின்னால் வந்த இருபத்துமூன்று பொய்கள் எல்லாம். ஊற்றைப் பற்றியும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவருக்கு உடம்பே லேசானது போல இருந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போயிற்று.

"இருக்காது" என்றார் டாக்டர். "பதினஞ்சு வருஷமாக் கேட்ட காது இது. அந்தக் கடைசிச் சுருதியில ஒரு நடுக்கம் இருக்கே, அது மனுஷத் தொண்டையில வராது."

"நியாம்பு தொண்டையில வரும்ங்க."

"ரெண்டு குரல் கேட்டுதே?"

"டிரைவரையும் கூட்டிட்டு வந்திருக்கான்."

டாக்டர், 'நீயாவது இல்லைன்னு சொல்லேன்' என்பது போல வவூடாவைப் பார்த்தார். வவூடா தலையைக் குனிந்துகொண்டாள். "என் தம்பி அப்படித்தான் டாக்டரம்மா. சின்ன வயசுல எங்கம்மா குரல்ல பேசி எங்கப்பாவையே வயல்லேருந்து சாப்பாட்டுக்கு வரவழைச்சவன். அம்மா அப்ப ஊர்லயே இல்ல."

டாக்டர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, 'இரண்டு. ஜோடி' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். ஒரு கோடுதான். அது இழுபட்ட சத்தம் கிசோம்பேயின் நெஞ்சுக்குள் கேட்டது.

"எனக்கு வேற வழியில்ல கிசோம்பே. காடு பட்டியல்லேருந்து போயிடும். உங்க வேலையும்."

"என் வேலை போகட்டும்ங்க. காட்டை மட்டும்..."

"குருவி இல்லாத காட்டுக்கு நான் எதைச் சொல்லி வாதாடறது?" டாக்டரின் குரல் உடைந்தது. அதில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று கேட்டு ஓடிவந்து, ஆள் மாறாட்டம் என்று தெரிந்தவரைப் போல இருந்தார்.

வவூடா டீ கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் வாங்கிக் குடித்தார். கிசோம்பேயின் கோப்பை ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னது நல்லதுதான்" என்றாள் வவூடா கணவனிடம் மெல்ல. "நேத்தே சொல்லியிருந்தா என் தம்பியாவது தூங்கியிருப்பான்."

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கே அந்த ஆளு? நான் பார்க்கணும். என் காதையே ஏமாத்தினவன் எப்படி இருக்கான்னு நேர்ல பார்த்துட்டுத்தான் போவேன்."

"எட்டரைக்கு அவனுக்கு டூட்டி. நேரா ஸ்டாப்புக்குத்தான் போயிருப்பான். இப்பப் போனா பிடிச்சிடலாம்" என்றார் கிசோம்பே.

மூவரும் ரோட்டுக்கு இறங்கினார்கள். ஸ்டாப்பில் முட்டைக்கோசு மூட்டைகளும் நாலைந்து பயணிகளும் காத்திருந்தார்கள். நியாம்புவைக் காணோம். "கூச்ச சுபாவமா இருக்கும்" என்றார் டாக்டர் கசப்பாக. கிசோம்பே மறுபடி குனிந்து ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

கீழே, மலைப்பாதையின் திருப்பத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. வோய் பக்கமிருந்து மினிவேன் முக்கி முனகி ஏறி வந்து, புழுதியோடு எதிரே நின்றது. முன்பக்கச் சக்கரம் ஒன்று புதிதாக மாட்டியது போல மினுங்கியது. முழங்கைவரை கிரீஸ் அப்பிய நியாம்பு, தூக்கமில்லாத சிவந்த கண்களோடு கதவிலிருந்து குதித்தான். பக்கத்தில் நின்ற அந்நியப் பெண்ணை அவன் கவனிக்கவே இல்லை. நேராக வந்து கிசோம்பேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அடிக்காதீங்க, சத்தியமா என்மேல தப்பில்ல, நேத்து வோய் தாண்டறதுக்குள்ளயே டயர் வெடிச்சு ராத்திரி பூரா அங்கேயே கிடந்துட்டு இப்பத்தான் மலையே ஏறறேன்; ஆமா, எனக்குப் பதிலா புதர்ல யாரை உட்கார வெச்சீங்க?"